பேர் தெரியாத டிரம்பெட்

ஆஸ்பத்திரித் தையல் அறையில் அவளைக் கொம்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைப் பிரிவுப் பெண்கள் வைத்த பெயர். டிரம்பெட் ஊதுகிறவள் என்பதால் வைத்தார்களா, மேற்பார்வையாளரிடம் பட்டென்று பதில் சொல்லிவிட்டு வருவதைப் பார்த்து, "இவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று வைத்தார்களா என்பது அவர்களுக்கே இப்போது நினைவில்லை. இரண்டுமே அவளுக்குப் பொருந்தும். கிழிந்த படுக்கை விரிப்புகளும் நாடா அறுந்த நோயாளிச் சட்டைகளும் தள்ளுவண்டியில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும் அறை அது. மெஷின்கள் போடும் கடகடப்பில் பக்கத்தில் இருப்பவளிடம்கூடப் பேச முடியாது. வாரம் முழுக்க வாய் மூடிக் கிடந்ததற்கெல்லாம் சேர்த்துச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஊதித் தீர்த்தாள்.

டிரம்பெட் அவள் கைக்கு வந்தது திறமையால் அல்ல, உயரத்தால். பள்ளிக்கூட பேண்டில் நெட்டைகளைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். பின்வரிசையில் டிரம்பெட் இருந்தது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் கையில் வந்ததை அவள் பிடித்துக்கொண்டாள். படிப்பு முடிந்ததும் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மவுத்பீஸ் மட்டும் அவளுடையது, அப்பா வாங்கித் தந்தது. உதட்டில் வைத்து ஊதும் அந்தச் சின்னக் கிண்ணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகும் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். வாத்தியம் இல்லாமல் இது எதற்கு என்று கேட்டால், மறுபடி சுற்றி உள்ளே வைத்துக்கொள்வாள். மகள் வளர்ந்து மருந்துக் கடையில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான், பஸ் கம்பெனி பேண்டில் வெளியாட்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள்.

"இந்த வயசுல ஊதப் போறாளாம்" என்று மாடிப்படியில் பேச்சு கிளம்பியது. அவள் வீட்டுக்காரர் வண்டிப் பட்டறையில் ஸ்பிரே பெயின்ட் அடிப்பவர். அது காதில் விழுந்ததும் படியிலேயே நின்று, "அவ மூச்சு, அவ ஊதறா. உங்க வீட்டு மூச்சையா கடன் கேட்டா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவர் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. பட்டறைப் பெயின்ட் வாடையெல்லாம் அவர் நெஞ்சில்தான் போய்க் குடியேறியிருந்தது. மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, மூச்சு அடங்கியபின் அவளிடம் சொன்னார்: "எனக்கும் சேத்து நீயே ஊது."

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பட்டறையில் அவரை மாத்து என்பார்கள். எதற்கும் ஒரு மாத்து வைத்திருப்பார். செருப்பு வாருக்கு, மூக்குக்கண்ணாடித் திருகுக்கு, தண்ணீர்க் குழாய் வாஷருக்கு, ஸ்பிரே துப்பாக்கியின் மூக்குக்கு, எல்லாவற்றுக்கும். வாங்கும்போதே கூட ஒன்று வாங்கித் துணியில் சுற்றி எங்கேயாவது ஒளித்துவிடுவார். அப்படி ஒன்று இருப்பதைப் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விட மாட்டார். "மாத்து இருக்குன்னு தெரிஞ்சா, இருக்கறத எவன் பத்திரமாப் பாத்துக்குவான்?" என்பது அவர் கட்சி.

மகள் சின்னவளாக இருந்தபோது, தன்னிடம் கொடுத்திருந்த ஒரே வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாள். அடி விழும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. மழையில் நனைந்து வந்த மூன்று பேரும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். மகள் பையைத் தேடினாள், சட்டைப் பையைத் தேடினாள், தேடியதையே மறுபடி தேடினாள். அவர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் கேவிக்கொண்டே, "தொலைச்சிட்டேன்ப்பா" என்றதும் குனிந்து செருப்பைக் கழற்றி, அடித்தோலுக்குக் கீழேயிருந்து ஒரு சாவியை எடுத்தார். "தொலைச்சிட்டேன்னு வாயத் திறந்து சொன்னாத்தானே மாத்து வரும்?" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். தலை சொட்டச் சொட்ட நின்ற கொம்பக்கா வந்த கோபத்தில் அன்று ராத்திரி அவரோடு பேசவில்லை. இப்படி ஒரு மனுஷனை எங்கே பிடித்தோம் என்று தோன்றியது.

பேண்டில் அவள் ஊதிக்கொண்டிருந்தது கம்பெனி டிரம்பெட். சில வருஷம் கழித்து கம்பெனி கை மாறியது. புதிதாக வந்தவர்களுக்கு பேண்ட் ஒரு தண்டச் செலவு. ஊதுகிற வாத்தியங்களையெல்லாம் வாங்கி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பயிற்சிக் கூடத்தையும் முரசுகளையும் பெரிய பித்தளைத் தட்டுகளையும் மட்டும் போனால் போகிறது என்று விட்டார்கள். இனிமேல் சொந்த வாத்தியம் இருந்தால் வரலாம், இல்லாதவர்கள் வீட்டில் இருக்கலாம் என்றாகிவிட்டது.

பேண்ட் மாஸ்டர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்ப்பவர். கிளாரினெட் வாசிப்பார். அவளைவிட இளையவர். அவர்தான் வழி சொன்னார்: "பேர் வாங்கின கம்பெனி டிரம்பெட் நமக்கு எட்டாதுக்கா. அதுக்காகப் புதுசா, பளபளன்னு, சல்லிசா வர்றத வாங்கிடாதீங்க. ஆறு மாசத்துல வால்வு மக்கர் பண்ணும். யாருக்கும் பேர் தெரியாத சின்னப் பட்டறைங்க நல்லாச் செஞ்சு வித்தது பழசு எங்கயாவது கிடக்கும். பேர் இல்லாததால வெலையும் இருக்காது. அதத் தேடிப் புடிங்க."

அன்றிலிருந்து அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் பழைய சாமான் கடைகளில் கழிந்தன. சங்கீதத்தில் அவர் பூஜ்யம். கதவு கிறீச்சிடுவதும் கிளாரினெட்டும் அவர் காதுக்கு ஒன்றுதான். ஆனால் உலோகமும் அதன் மேல் பூச்சும் அவருக்கு அத்துப்படி. மிச்சத்தை மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டார். மவுத்பீஸ் சொருகும் முதல் குழாயில் செம்புள்ளி தெரிந்தால் பித்தளை உள்ளுக்குள்ளேயே இற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வால்வை அழுத்தாமல் அதன் குழாயைச் சட்டென்று உருவினால் 'டப்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் காற்று ஒழுகுகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒவ்வொரு டிரம்பெட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். அவர் பார்த்து முடிப்பதற்குள் கடைக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும்.

"சார், நீங்க வாத்தியம் வாங்க வந்தீங்களா, வண்டி வாங்க வந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. பெயின்ட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்ல?"

அந்தக் கடையில் ஒரு டிரம்பெட்டை அவள் மவுத்பீஸ் போட்டு ஊதிப் பார்த்து மயங்கிவிட்டாள். அவர் அதன் கழுத்தில் நகத்தை ஓட்டினார். "இங்க உடைஞ்சு ஒட்டி மேல பூசியிருக்கான். அடிபட்ட வண்டி. வேணாம், வா" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார். பஸ் ஏறும் வரைக்கும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே மாதங்கள் போயின. சனிக்கிழமை சாயங்காலங்களில் அவள் வீட்டில் இருந்தாள். பொழுது போகாமல் மவுத்பீஸை மட்டும் வாயில் வைத்து ஊதுவாள். வாத்தியம் இல்லாத மவுத்பீஸ் கொசு மாதிரி கத்தும், அவ்வளவுதான். அதைக் கேட்கக் கேட்க அவருக்கு என்னவோ போலிருக்கும். எழுந்து பால்கனிப் பக்கம் போய்விடுவார்.

நெஞ்சுப் பரிசோதனைக்காக அவர் லீவு போட்ட ஒரு நாள், அவள் வேலை முடிந்து வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில், கடிகாரமும் பழைய ஃபேனும் விற்கிற கடையில் பார்த்தாராம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "அவரு கிடக்கறாரு, இதத் திற" என்றார்.

டிரம்பெட்டின் அகன்ற வாயில் ஒரு சின்னப் பறவையின் உருவமும் அதற்குக் கீழே ஒரு பெயரும் பொறித்திருந்தன. அந்தப் பெயரை அவளும் கேள்விப்பட்டதில்லை, பிற்பாடு மாஸ்டரும் கேள்விப்பட்டதில்லை என்றார். ஆனால் என்ன வேலைப்பாடு! வால்வுகள் தொட்டால் இறங்கி, விட்டால் ஏறின.

"முழுக்க அலசிட்டேன்" என்று அவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "ஒரு ஒட்டு கிடையாது. ஒரு பத்தவைப்பு கிடையாது. செம்புள்ளி கிடையாது. வால்வுக் குழாய் மூணையும் உருவித் தொடைச்சேன். மூணுலயும் மெல்லிசா ஒரு கோடு கீறியிருக்கு. அது ஒண்ணுதான் எதுக்குன்னு புரியல. குறையா அது?"

"அடையாளத்துக்குப் போட்டிருப்பாங்க, விடுங்க" என்றாள் அவள். ஊத வேண்டும் என்ற அவசரத்தில் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மவுத்பீஸைப் பொருத்தி ஊதினாள். கெட்டியான, வெதுவெதுப்பான ஒரு சத்தம் அந்தச் சின்ன அறையை நிறைத்தது. கண்ணாடி அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. கம்பெனி டிரம்பெட்டெல்லாம் இதற்கு முன்னால் தகர டப்பா. அவள் ஊதி நிறுத்தியபோது அவர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. இந்த மனுஷனுக்காகச் சாகலாம் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தாள்.

சனிக்கிழமை பயிற்சிக் கூடத்தில், முதல் பாட்டின் முதல் வரி முடிவதற்குள் மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். மற்ற டிரம்பெட்டுகள் ஓரிடத்தில் நிற்க, அவளுடையது மட்டும் அரை விரல் மேலே நின்றது. முழுச் சுரம் தள்ளியிருந்தாலாவது வேறு விரல் போட்டுச் சமாளிக்கலாம். இது இரண்டுக்கும் நடுவில் தொங்கியது. சுருதியைக் கூட்டிக் குறைக்க முன்பக்கம் ஒரு வளைந்த குழாய் உண்டு. அதை வெளியே இழுக்க இழுக்கச் சுருதி இறங்கும். அவள் அது கழன்று கையோடு வந்துவிடும் அளவுக்கு இழுத்துப் பார்த்தாள். அப்போதும் சேரவில்லை.

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். கிளாரினெட்டோடு சேர்த்து ஊதச் சொன்னார். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அக்கா, வாத்தியத்துல குத்தமில்ல. ரொம்ப நல்ல வாத்தியம். அந்தக் காலத்துல சில இடங்கள்ல பேண்டோட சுருதியே இதவிட ஏத்தமா இருந்ததாச் சொல்வாங்க. அதுக்குன்னு செஞ்சது போல இருக்கு. தனியா ஊதினா தங்கம். நம்ம கூடச் சேராது." வெட்டி நீட்டலாமா என்று அவள் திரும்பும் வழியில் வாத்தியம் பழுது பார்ப்பவரிடமும் போய்க் கேட்டாள். எல்லாக் குழாயையும் வெட்டி நீட்டி ஒட்டலாம், ஆனால் குரல் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, ஒட்டுப் போட்ட இடம் கண்டிப்பாகத் தெரியும் என்றார் அவர்.

ஒட்டு தெரியும். ஒரு ஒட்டு கிடையாது என்று சொல்லிக் கண் கலங்கியவரிடம் அதை எப்படிக் காட்டுவது? இருந்தாலும் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குக் கிளம்பினாள். எந்தக் கடையிலும் ஒற்றை டிரம்பெட்டைத் தனியாகத்தானே ஊதிப் பார்த்தோம், கூடவே இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லையே, உங்களுக்கு எப்படித் தோன்றும் என்று சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவர் காத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து நின்றிருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் அசந்து போயிட்டாங்க."

"உன்னோடது தனியாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது."

மேற்பார்வையாளரின் முகத்துக்கு நேரே பேசுகிற வாய், பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்கு மல்லுக்கு நிற்கிற வாய், அங்கே மட்டும் அடைத்துப்போய்விட்டது. பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவரை ஏமாற்றிவிட்டாள். இன்றைக்கு ஒரு நாள் சந்தோஷமாக இருக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிப்போடுகிற விஷயம் தானாக ஒரு நாளும் வாய்க்கு வராது. இது அவளுக்குத் தெரியாததல்ல.

பேண்டில் பித்தளைத் தட்டு அடித்துக்கொண்டிருந்தவர் வேலை மாற்றலாகிப் போயிருந்தார். அந்த இடத்தை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் டிரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவாள். கூடத்துச் சுவரோரம் அதைத் திறக்காமல் சாத்தி வைப்பாள். இரண்டு தட்டுகளையும் கையில் மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்பாள். முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புவாள். "என்ன கொம்பக்கா, கடைசியில நீங்களும் ஜால்ரா போட வந்துட்டீங்களே!" என்று சலவைப் பிரிவில் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே எரிந்தது.

வீட்டில் மட்டும் டிரம்பெட்டைத் திறந்தாள். தினமும் வேலை முடிந்து வந்து அவருக்காகக் கொஞ்ச நேரம் ஊதுவாள். தனியாக ஊதும்போது அது தங்கம்தான். மாஸ்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

பேண்ட் வாசிப்பைக் கேட்க அவர் வந்ததே இல்லை. "எல்லாரும் ஊதற எடத்துல இருமறவனுக்கு என்ன வேலை?" என்பார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவைத் திறந்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பார்: "தனியாத் தெரிஞ்சுதா?" அவளும் அதே பதிலைச் சொல்வாள். பழகிப்போனதும் அந்தப் பதில் அவளுக்குக் கஷ்டமாகக்கூட இல்லை. அதுதான் பெரிய கஷ்டம்.

பூங்காவில் பேண்ட் வாசித்த ஒரு நாள், அவள் திரும்பி வந்தபோது அவர் வீட்டில் இல்லை. அவளுக்குப் பின்னால்தான் படியேறி வந்தார். முகம் வேர்த்து, உதடு நீலம் பாய்ந்து, ஆனால் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

"நானும் வந்திருந்தேன்" என்றார். "உள்ள வரல. இருமினா அசிங்கம்னு வேலிக்கு வெளிய நின்னுட்டேன். ஒரே கூட்டம், தலைங்கதான் தெரிஞ்சுது. நடுவுல ஒரு எடத்துல எல்லாரும் நிறுத்திட்டாங்க, நீ மட்டும் ஊதின பாரு... அது நம்ம டிரம்பெட்டுதான்னு எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. சங்கீதம் தெரியாதவன், எனக்கே தெரிஞ்சுபோச்சு!"

அந்த இடத்தில் தனியாக ஊதியது பஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு டிரைவர். அந்த நேரத்தில் அவள் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருந்துதா?" என்று கேட்டாள்.

"கேக்கணுமா?" என்றார்.

அதற்குப் பிறகு சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

குளிர்காலம் வந்ததும் அவர் நெஞ்சு மொத்தமாகக் கைவிட்டது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். மூக்கில் குழாய் மாட்டியிருந்தார்கள். அவர் கிடந்த கட்டிலின் விரிப்பில் ஓரம் அடித்திருந்தது அவள்தான். மூலையில் இரண்டு தரம் மடக்கி அடிப்பது அவள் பழக்கம். சாப்பாட்டு இடைவேளையில் தையல் அறையிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் உட்காருவாள். அவர் விரிப்பின் ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டே இருப்பார். பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிறார் போலும். அதுவும் ஒரு வேலைதானே அவருக்கு.

ஒரு மத்தியானம் அவர் நன்றாகத் தெளிந்திருந்தார். அவளைக் கிட்ட வரச் சொன்னார்.

"பேண்ட விட்டுடாத."

"விட மாட்டேன்."

"டிரம்பெட்டுல ஏதாவது குறை இருக்கா? இருந்தாச் சொல்லு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார், "எதுவா இருந்தாலும் சொல்லு. இப்பவே சொல்லு."

அவர் கண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் இவருக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தாள். வாழ்க்கையில் இந்த மனுஷன் பெருமைப்பட்டு வாங்கிய ஒன்று. வேலிக்கு வெளியே நின்று கேட்டு வந்து சிரித்த சிரிப்பு. இதைப் போய் இந்தக் கட்டிலில் வைத்து உடைப்பதா?

"ஒரு குறையும் இல்லீங்க" என்றாள். "ஒட்டு இல்லாத வாத்தியமாச்சே."

அவர் தலையை ஆட்டினார். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் தண்ணீர் வேண்டுமா, தலையணையைத் தூக்கி வைக்கட்டுமா என்பதுதான். அந்த வாரக் கடைசியில் அவர் போய்விட்டார்.

அழுது முடித்து, வந்தவர்களெல்லாம் போய், வீடு பழைய வீடாக ஆனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவருடைய சாமான் அலமாரியை இரண்டு பேருமாக ஒழிக்க உட்கார்ந்தார்கள். திறந்த இடமெல்லாம் துணி மூட்டைகள். ஒவ்வொன்றையும் பிரிக்கப் பிரிக்க மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தண்ணீர்க் குழாய் வாஷர்கள். ஷூ கயிறு. அம்மாவின் தையல் மெஷினுக்கு ஒரு பாபின். அவள் தோடு ஒன்றின் திருகாணி. எப்போதோ உடைந்துபோன கெட்டில் மூடிக்கு ஒரு மூடி. கெட்டிலே இப்போது இல்லை.

"அம்மா, இங்க பாரேன். பல்லுக்கு மட்டும்தான் மாத்து வாங்கி வைக்கல உன் வீட்டுக்காரர்."

அலமாரியின் அடித்தட்டில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு மஞ்சள் மெருகுத் துணி மூட்டை கிடைத்தது. நீளமாக இருந்தது. மகள் பிரித்து, "இது எதுக்கும்மா மாத்து?" என்று நீட்டினாள்.

வளைந்த பித்தளைக் குழாய். கண்ணாடி மாதிரி துடைத்து, துரு வராமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார். வளைவில் ஒரு சின்னப் பறவை பொறித்திருந்தது.

அவள் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். டிரம்பெட்டின் முன்பக்கத்துச் சுருதிக் குழாயை உருவி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே கனம், அதே வளைவு, அதே பறவை. அவர் வைத்திருந்தது மட்டும் நீளம் கூடுதல். அதைச் சொருகினாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பிறகு வால்வுக் குழாய்களை, அவர் அன்றைக்கு என்னவென்று கேட்ட அந்த மெல்லிய கோடு வெளியே தெரியும் வரைக்கும் ஒவ்வொன்றாக இழுத்தாள். நீளக் குழாய் போடும்போது இவற்றை எதுவரை இழுப்பது என்பதற்காகத்தான் கீறியிருக்கிறார்கள் என்று அவளுக்கு இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊதினாள். குரல் அதேதான். கொஞ்சம் கீழே இறங்கி நின்றது.

பெட்டியோடு சேர்த்துக் கடையில் இதையும் கொடுத்திருக்கிறார்கள். ஏத்தச் சுருதிக்கு ஒன்று, இறக்கச் சுருதிக்கு ஒன்று. அவருக்கு அது எங்கே தெரியும்? கூட ஒன்று கிடைத்தால் அது மாத்து. மாத்து என்றால் சுற்றி ஒளிக்க வேண்டும். வாய் திறந்து யாராவது கேட்கும் வரைக்கும் வெளியே எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு. கேட்டிருந்தால், அந்த முதல் சனிக்கிழமை மாடித் திருப்பத்தில் வைத்தே கேட்டிருந்தால், மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போய், பெரிய மந்திரவாதி மாதிரி இதை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். பூங்காவில் அவர் கேட்டது அவளாகவே இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தனை தரம் "சொல்லு, சொல்லு" என்றாரே, அப்போது சொல்லியிருந்தால்கூட அலமாரியின் அடித்தட்டு என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

மகள் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள். "என்னம்மா? அப்பா இத உன்கிட்ட சொல்லலையா?"

"நான்தான்டி அவர்கிட்ட சொல்லல" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

சனிக்கிழமை அவள் பெட்டியைச் சுவரோரம் சாத்தாமல் திறந்ததை மாஸ்டர் பார்த்தார். கிளாரினெட்டை எடுத்து ஒரு சுரம் பிடித்தார். அவள் அதே சுரத்தை ஊதினாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, எது எது என்று தெரியாமல் போயிற்று. மாஸ்டர் கிளாரினெட்டை இறக்கிவிட்டு, "போய் உங்க எடத்துல உக்காருங்கக்கா" என்றார். தட்டுகளை வேறு ஒருவர் கையில் மாட்டிவிட்டார்கள்.

அவள் டிரம்பெட் வரிசையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஊதினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கை தூக்கி யாரும் நிறுத்தவில்லை. தன் சத்தம் எது, பக்கத்து டிரைவரின் சத்தம் எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான். ஏங்கியது கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படக்கூட அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்றாவது மாடித் திருப்பத்தில் பழக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தானே சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே போய், அவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தாள்.

"இல்லீங்க" என்றாள். "தனியாத் தெரியல."